இரண்டு அணைகளும் ஒரு பஸ்ஸும்

நாமக்கல்
22.1.2023

திரு. குமரகுரு அவர்களுக்கு,

இது மனைவி கணவனுக்கு எழுதும் கடிதம் அல்ல. அப்படி நினைத்துப் பிரித்திருந்தால் திரும்ப மடித்து உறையில் போட்டுவிடுங்கள்.

பகுதிநேரமாக நான் செய்கிற பிஎச்.டி.க்குத் தலைப்பு கிடைத்துவிட்டது. வெள்ளைக்காரர்கள் காவிரியில் மேட்டூர் அணையைக் கட்ட ஆரம்பித்தது 1925இல். அதே வருஷம், நீங்கள் இப்போது இருக்கிற சூடானில், நீல நைல் ஆற்றில், சென்னார் அணையைக் கட்டி முடித்தார்கள். இரண்டுக்கும் எஜமான் ஒருவன்தான். பிறகு இரண்டு நாட்டையும் விட்டுப் போனான். இங்கே ஓட்டுப்பெட்டி வந்தது. அங்கே 1964, 1985, 2019 என்று மூன்று தடவை ஜனங்கள் தெருவில் இறங்கி ஆட்சியைக் கவிழ்த்தார்கள். மூன்று தடவையும் கொஞ்ச நாளிலேயே பட்டாளத்துக்காரன் வந்து நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான். ஏன் இப்படி என்பதுதான் என் கேள்வி.

என் வழிகாட்டி வெங்கடாசலம் சார், "ஏம்மா, உலகத்துல வேற நாடே கெடைக்கலியா?" என்று கேட்டார். "அங்கே எனக்குத் தெரிந்தவர் ஒருவர் போர்வெல் ரிக் ஓட்டுகிறார் சார், தகவல் கேட்டுக்கொள்ளலாம்" என்றேன். தெரிந்தவர் என்றுதான் சொன்னேன்.

எனக்குத் தெரிய வேண்டியவை: உங்கள் ஊரைச் சுற்றி ஜெசீரா என்று ஒரு பெரிய பருத்திப் பாசனம் இருக்கிறதாமே, அங்கே நிலம் யாருடையது? வெள்ளைக்காரனைப் பற்றி ஜனங்கள் என்ன பேசிக்கொள்கிறார்கள்? 2019 புரட்சியில் இறங்கியவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்?

போனில் கூப்பிட வேண்டாம். போனில் நீங்கள் சிரிக்க வைத்துவிடுவீர்கள், நான் கோபத்தை விட்டுவிடுவேன். இந்தத் தடவை விடுவதாக இல்லை. இனி வெளிநாட்டு ரிக்குக்குப் போவதில்லை என்று ஜேடர்பாளையம் ஆற்றங்கரையில் மீன் வறுவல் தின்றுகொண்டே சத்தியம் செய்தீர்கள். ஆறே மாதத்தில், நான் பள்ளிக்கூடத்தில் தேர்வுக் கண்காணிப்பில் நின்ற நேரமாகப் பார்த்து, ஃபிரிஜ் மேல் ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிட்டு விமானம் ஏறினீர்கள். இரண்டே பேர் இருக்கிற வீட்டில் இன்னொருவரை ஒரு வார்த்தை கேட்க முடியாதா?

ரிக்குக்குத் துளை போடும் பிட்டும் உதிரிச் சாமானும் எடுத்துக்கொண்டு தங்கமுத்து அண்ணன் வருகிறார். இதை அவரிடம் கொடுத்துவிடுகிறேன். கூட இருக்கும் பருப்புப்பொடி அவருக்கு. உங்களுக்கல்ல.

இப்படிக்கு,
ஆர். ரஞ்சனி, முதுகலை ஆசிரியர் (வரலாறு)


வாத் மதனி, சூடான்
19.2.2023

கோபத்திலும் ஒரு பிழையில்லாமல் எழுதும் ரஞ்சனிக்கு,

தெரிந்தவர் எழுதிக்கொள்வது.

பொடி தங்கமுத்துவுக்கு என்று எழுதியிருந்தாய். டப்பா மேல் உன் கையெழுத்தில் "காரம் குறைவு" என்றிருந்தது. தங்கமுத்து காரம் குறைத்துத் தின்று நான் பார்த்ததில்லை. அல்சர் எனக்குத்தான் அம்மிணி. டப்பாவை நான் வைத்துக்கொண்டேன்.

உன் கேள்விக்கு வருகிறேன். ரிக் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் டீ விற்கிற அம்மா, பேர் அவாதிஃப், இந்தப் பாசனத்திலேயே பிறந்து வளர்ந்தவர். எனக்குத் தெரிந்த அரைகுறை அரபியில் அவரிடம் கேட்டேன். நிலம் பேருக்கு இவர்களுடையதுதானாம். ஆனால் என்ன விதைப்பது, எப்போது தண்ணீர் விடுவது, யாருக்குப் பஞ்சை விற்பது எல்லாம் வெள்ளைக்காரன் சொன்னபடிதான். பஞ்சில் நூற்றுக்கு நாற்பது பங்கு குடியானவனுக்கு. நம் பக்கம் "நிலம் உன்னுது, வரி என்னுது" என்றான் என்று நீ முன்னே சொல்லியிருக்கிறாய். இங்கே "நிலம் உன்னுது, புத்தி என்னுது" என்றிருக்கிறான்.

வாய்க்கால் மதகைப் போய்ப் பார்த்தேன். இரும்புப் பல்சக்கரம், கைப்பிடி, மேலே இங்கிலீஷ் எழுத்தில் ஒரு தகடு. மேட்டூரில் ஒரு தடவை நீ என்னை வெயிலில் நிற்கவைத்து ஒரு மதகைக் காட்டினாயே, அச்சு அசலாக அதேதான். கொஞ்ச நேரம் தொட்டுக்கொண்டு நின்றேன். ஊர் ஞாபகம் வந்துவிட்டது.

2019இல் அவாதிஃப் அம்மாவின் மகன், தலைநகர் கார்ட்டூமில் பட்டாளத் தலைமையகத்துக்கு முன்னால் உட்கார்ந்த கூட்டத்தில் இருந்தானாம். இந்தம்மாவும் அங்கேயே அடுப்பு வைத்து எல்லோருக்கும் டீ கொடுத்திருக்கிறார். ரம்ஜான் முடிகிற சமயம் சுட்டுக் கலைத்தார்கள். மகனை அன்றைக்குப் பார்த்ததுதான். செத்தான் என்று சொல்லவும் ஆளில்லை, இருக்கிறான் என்று சொல்லவும் ஆளில்லை. இன்றைக்கும் எனக்கு டீ ஆற்றும்போது பக்கத்தில் ஒரு கிளாஸ் சும்மா ஊற்றி வைக்கிறார்.

எனக்கு வரலாறு தெரியாது, தொழில் தெரியும். நம் ஊர் பாறை. ஒரு தடவை துளை போட்டால் நூறு வருஷம் நிற்கும். இங்கே வெறும் களிமண். ராடை உருவின மறு நிமிஷம் குழி மூடிக்கொள்ளும். துளை போடப் போடக் கூடவே கேசிங் பைப்பை இறக்கிக்கொண்டே போக வேண்டும். இவர்கள் மூன்று தடவை துளை போட்டார்கள், பைப் இறக்குவதற்குள் மூடிக்கொண்டது. ஆய்வுக்கு உதவினால் எழுதிக்கொள், உதவாவிட்டால் சிரித்துக்கொள்.

கேட்காமல் வந்தது தப்புதான். கேட்டால் நீ வேண்டாமென்பாய், நீ வேண்டாமென்றால் என்னால் வர முடியாது. அதனால்தான் கேட்கவில்லை. திருச்செங்கோட்டுத் தேருக்கு வந்துவிடுவேன்.

உன் கோபத்துக்குக் காத்திருக்கும்,
குமரகுரு


நாமக்கல்
26.3.2023

கேசிங் பைப் ஆராய்ச்சியாளருக்கு,

வெங்கடாசலம் சாரிடம் பைப் சமாச்சாரத்தைச் சொன்னேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "யாரும்மா அவர்? கூட்டிட்டு வா ஒருநாள்" என்றார். தேருக்கு வருவார் சார் என்று சொல்லியிருக்கிறேன். என்னைப் பொய்க்காரி ஆக்கிவிடாதீர்கள்.

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தெளிவாகிறது. ஆட்சி யார் கையில் போனாலும், பாசன நிலத்தை ஒருவனும் தொடுவதில்லை. திப்புவோடு இரண்டு சண்டைகளுக்கு நடுவே ரீடு, மன்றோ என்ற கம்பெனி அதிகாரிகள் சேலம் பக்கம் சங்கிலி போட்டு வயலை அளந்தார்கள். 1924இல் கார்ட்டூமில் சிப்பாய்கள் கலகம் செய்தபோது சென்னாரில் அணை வேலை ஒருநாளும் நிற்கவில்லை. 1942இல் இங்கே தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள், மேட்டூர் மதகை விட்டுவிட்டார்கள். ஜெயிக்கிறவனுக்கும் சோறு வேண்டுமே! இதுதான் என் நான்காவது அத்தியாயம்.

அந்த அம்மாவிடம் நான் விசாரித்ததாகச் சொல்லுங்கள். அந்தக் கிளாஸ் டீ என் மனசை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறது.

பொடி மறுபடி கூரியரில் அனுப்பியிருக்கிறேன். இந்தத் தடவை டப்பா மேல் பேர் எழுதியிருக்கிறேன்.

ரஞ்சனி


வாத் மதனி
25.4.2023

ரஞ்சனி,

நேற்று லைன் கிடைத்தும் பேச முடியவில்லை, நீ அழுததுதான் கேட்டது. அதனால் எழுதிப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுகிறேன். நெட் வருகிறபோது வந்து சேரட்டும்.

கார்ட்டூமில் பத்து நாளாகச் சண்டை. பட்டாளமும் துணைப்படையும் ஒருவரையொருவர் அடித்துக்கொள்கிறார்கள். ஜனங்கள் பஸ்ஸிலும் லாரியிலும் வாத் மதனிக்கு வந்து குவிகிறார்கள். இங்கே இதுவரை அமைதி. வெடிச்சத்தம்கூட இல்லை.

நம் நாட்டுக்காரர்களை மீட்டுக்கொண்டு போகிறார்கள். ஆபரேஷன் காவிரி என்று பேராம். காவிரி இவ்வளவு தூரம் வந்து கூப்பிடுது பார். 27ஆம் தேதி விடிந்ததும் மதனியிலிருந்து போர்ட் சூடானுக்கு ஒரு பஸ் புறப்படுகிறது. எங்கள் பாஸ்போர்ட் எல்லாம் கார்ட்டூமில் ரிக் கம்பெனி ஆபீசில் மாட்டிக்கொண்டது. ஆனால் அந்த பஸ்ஸுக்குப் பட்டியலில் பேர் இருந்தால் போதுமாம். தங்கமுத்துவும் நானும் பேர் கொடுத்திருக்கிறோம். வழியில் கொள்ளை நடக்கிறது, நேற்று ஒரு வண்டியை மறித்துச் சுட்டார்கள் என்று ஒருவன் சொல்கிறான். ஒன்றும் நடக்காது என்று இன்னொருவன் சொல்கிறான்.

போன தடவை உன்னைக் கேட்காமல் வந்தேன். இந்தத் தடவை கேட்கிறேன். நீ படித்தவள், இந்த இரண்டு நாட்டையும் அலசிக்கொண்டிருப்பவள். பஸ் ஏறட்டுமா, இங்கேயே இருக்கட்டுமா? நீ சொல்கிறபடி செய்கிறேன் சாமி.

உன்
குமரகுரு


நாமக்கல்
26.4.2023

என்னங்க,

அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்டீர்களே, அதற்கே முதலில் அழுதேன்.

நேற்றிலிருந்து சாப்பிடாமல் குறிப்புகளையெல்லாம் விரித்துப்போட்டு உட்கார்ந்திருக்கிறேன். டிவியில் அந்த ரோட்டைக் காட்டுகிறார்கள், எரிந்த வண்டிகள் நிற்கின்றன. மதனியில் அப்படி ஒன்றும் இல்லை. 64, 85, 2019, எல்லாமே தலைநகரத் தெருவில்தான் தீர்ந்தது. ஜெசீரா வாய்க்காலில் தண்ணீர் போய்க்கொண்டுதான் இருந்தது. அந்த நாட்டுக்கே சோறு போடுகிற மண் அது. அதை எந்தப் படையும் பாழாக்காது. நூறு வருஷ வரலாறு அப்படித்தான் சொல்கிறது.

போகாதீர்கள். இருங்கள். இரண்டு மூன்று வாரத்தில் அடங்கிவிடும். ரோடு சரியானதும் வரலாம். தங்கமுத்து அண்ணனையும் இருக்கச் சொல்லுங்கள்.

உங்கள்
ரஞ்சனி


வாத் மதனி
9.8.2023

அன்புள்ள ரஞ்சனிக்கு,

தங்கமுத்து ஊர் போய்ச் சேர்ந்து மூன்று மாதமாயிற்று, இன்னும் உன்னை வந்து பார்க்கவில்லை என்று வருத்தப்பட்டிருந்தாய். கடைத்தெருவில் உன்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு போகிறான் என்றாய். அவன் நான் இல்லாமல் வந்த வெட்கத்தில் இருக்கிறான். திட்டாதே.

அந்த பஸ் ஒரு கீறல் இல்லாமல் போய்ச் சேர்ந்ததை நீ எல்லாக் கடிதத்திலும் எழுத வேண்டியதில்லை. நீ ஜோசியக்காரியா? இப்போது பாஸ்போர்ட் இல்லாமல் ஒரு சோதனைச் சாவடியையும் தாண்ட முடியாது. கார்ட்டூம் ஆபீஸ் பக்கம் காக்காய்கூடப் போக முடியாது. பாஸ்போர்ட்டுக்குப் பதிலாக நீ மனு கொடுத்திருக்கிற அவசரச் சான்றிதழ் வரட்டும், வாரேன்.

சும்மா இல்லை நான். ஓடி வந்த ஜனங்களைப் பள்ளிக்கூடங்களில் தங்கவைத்திருக்கிறார்கள். ஒரு வகுப்பறையில் நான்கு குடும்பம். டீசல் கிடைக்கிற அன்று ரிக்கைக் கொண்டுபோய்ப் பள்ளிக்கூட வாசலில் நிறுத்தித் துளை போடுகிறேன். இதுவரை ஆறு. ஆறிலும் தண்ணீர். ஒரு குழி மூடப் பார்த்தது, விடவில்லை.

அவாதிஃப் அம்மா நேற்று, "உங்கள் நாட்டில் வெள்ளைக்காரன் போகும்போது துப்பாக்கியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனான்?" என்று கேட்டார். நீ எழுது, படித்துச் சொல்கிறேன்.

சாப்பிடு. ஆய்வை விட்டுவிடாதே.

உன்
குமரகுரு


நாமக்கல்
18.12.2023

என்னங்க,

மதனியை விட்டுப் பட்டாளம் போய்விட்டதாம், துணைப்படை உள்ளே வந்துவிட்டதாம். காலையிலிருந்து நாற்பது தடவை போன் போட்டேன்.

ரிக்கை விடுங்கள். துணிமணியை விடுங்கள். சான்றிதழ் போர்ட் சூடானில் தயாராக இருக்கிறது. நடந்தாவது, லாரி மேல் ஏறியாவது, கிழக்கே போய்விடுங்கள். அந்த அம்மா எந்தப் பக்கம் போகிறாரோ அந்தப் பக்கம் போங்கள். நான் சொன்னது தப்பு. நான் சொன்னது எல்லாம் தப்பு. தயவு செய்து போய்விடுங்கள்.

இதைப் பார்த்ததும் ஒரு புள்ளி வையுங்கள், போதும்.

ரஞ்சனி


நாமக்கல்
4.2.2024

என்னங்க,

நாற்பத்தெட்டு நாள். போட்ட கடிதத்துக்கெல்லாம் ஒற்றை டிக்தான். கலெக்டர் ஆபீசில் என்னைக் கண்டதும் நாற்காலி போட்டுவிடுகிறார்கள், தகவல்தான் இல்லை. உங்கள் அக்கா கந்தம்மாள், "நீ என்னம்மா பண்ணுவ, அவன் தலையெழுத்து" என்று என் தலையைத் தடவிக் கொடுக்கிறார். அவருக்குத் தெரியாது. நான் இருக்கச் சொன்னது யாருக்கும் தெரியாது. சொல்லத் தைரியம் இல்லை.

வாய்க்காலை வெட்டிவிட்டார்கள், நாம் விதை நெல் எடுத்துவைக்கிற மாதிரி ஜனங்கள் வைத்திருந்த விதை தானியத்தையும் அள்ளிக்கொண்டு போகிறார்கள் என்று செய்தியில் வருகிறது. என் நான்காவது அத்தியாயத்தைத் துப்பாக்கியோடு வந்து கிழிக்கிறார்கள்.

ஒன்று சொல்ல வேண்டும். 1780இல் ஹைதர் அலியின் குதிரைப்படை கர்நாடகச் சீமையில், அதாவது நம் ஆற்காட்டுப் பக்கம், பச்சை வயலைக் கொளுத்திக்கொண்டே போனது. எதிரிக்குச் சோறு கிடைக்கக் கூடாது என்பதற்காகவே கொளுத்தினார்கள். இதை நான் பி.ஏ. இரண்டாம் வருஷமே படித்தவள். பத்து வருஷமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள். அத்தியாயம் அழகாக வரவேண்டும் என்று அதை ஒதுக்கிவைத்தேன். நீங்கள் கேட்ட அன்றைக்கும் அந்தத் தாள் மேசை மேல்தான் கிடந்தது. நான் அதைத் திருப்பவில்லை.

வெள்ளைக்காரன் துப்பாக்கியை யாரிடம் கொடுத்துவிட்டுப் போனான் என்று அந்த அம்மா கேட்டதற்கு நான் மூன்று பக்கம் பதில் எழுதி வைத்திருக்கிறேன். யாருக்கு அனுப்புவது?

வெங்கடாசலம் சார் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கச் சொல்கிறார். முடியாது என்றுவிட்டேன். வரலாறு பாடமும் இப்போது நடத்த முடியவில்லை. பிள்ளைகள் "ஏன் மிஸ்?" என்று கேட்டால் கரும்பலகையைத் துடைக்கப் போய்விடுகிறேன்.

இருக்கிறீர்களா?

ரஞ்சனி


வாத் மதனி
18.12.2023

ரஞ்சனி,

நெட் இல்லை. இருந்தாலும் எழுதிப் படம் எடுத்து அனுப்பு பட்டனை அழுத்தி வைக்கிறேன். போனில் காத்துக்கிடக்கட்டும், லைன் வரும்போது தானே போகும்.

சத்தம் பாலத்துப் பக்கம் கேட்கிறது. அவாதிஃப் அம்மா வீட்டு ஆட்களோடு கிளம்புகிறேன், சென்னார்ப் பக்கம் போகலாம் என்கிறார்கள். உன் அணையைப் பார்த்துவிடுவேன் போல.

உன்னிடம் ஒரு உண்மையைச் சொல்லிவிட வேண்டும். ஏப்ரலில் உன்னைக் கேட்டேனே, அது சும்மா கேட்டது. அதற்கு முன்னாடியே போவதில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன், பட்டியலில் பேரையும் அடித்துவிட்டேன். ரிக்கை விட்டுவிட்டு வர மனசில்லை. நீ வா என்று எழுதியிருந்தாலும் வந்திருக்க மாட்டேன். என் புத்தி உனக்குத் தெரியாதா? ஃபிரிஜ் மேல் சீட்டு வைத்துவிட்டு வந்தவன்தானே. அதனால் நீ சொல்லித்தான் நான் இருந்தேன் என்று ஒரு நாளும் நினைக்காதே. கோபப்படு. அது போதும்.

வாரேன்.

குமரகுரு


நாமக்கல்
24.3.2024

என்னங்க,

புதன்கிழமை ப்ளஸ் டூ தேர்வுக் கண்காணிப்பு. போனை ஆபீசில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மதியம் வாங்கித் திறந்தால் உங்கள் கையெழுத்து. டிசம்பர் 18 என்று தேதி போட்ட கடிதம், மூன்று மாதம் கழித்து வந்திருக்கிறது. யார் அந்தப் போனுக்குச் சார்ஜ் போட்டார்கள், எந்த ஊரில் லைன் கிடைத்தது, ஒன்றும் தெரியவில்லை. உடனே கூப்பிட்டேன். நான்கு தடவை மணி அடித்தது. யாரோ கட் செய்தார்கள். பிறகு அணைத்துவிட்டார்கள்.

கடிதத்தைப் படித்ததும் எனக்கு என்ன வந்தது தெரியுமா? ஆத்திரம்தான் வந்தது. மறுபடியும் என்னைக் கேட்காமலேயே முடிவெடுத்திருக்கிறார் பார் என்று வராந்தாவில் நின்று வாய்விட்டுத் திட்டினேன். திட்டத் திட்ட நெஞ்சு இளகியது. பதினொரு மாதத்தில் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டேன்.

நேற்றுத் தங்கமுத்து அண்ணன் வீட்டுக்குப் போனேன். "பார்த்தீங்களாண்ணா, உங்க சிநேகிதர் லட்சணத்தை, பேரை அடிச்சுட்டு என்னைக் கேட்ட மாதிரி நடிச்சிருக்கார்" என்று கடிதத்தைக் காட்டினேன். அண்ணன் படித்தார். படித்துவிட்டு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

"பேரை அடிக்கலீங்கம்மணி," என்றார். "ஒரு வருசமா உங்க மூஞ்சில முழிக்க முடியாம திரியறது இதுக்குத்தானுங்க. பையத் தோள்ல போட்டுக்கிட்டு, ஒரு காலைப் பஸ்ஸுப் படியில வெச்சுக்கிட்டு, போனையே பாத்துக்கிட்டு நின்னானுங்க. டிரைவரு ஆரனடிக்கறான். ஏறுடா ஏறுடான்னு நான் கையப் புடிச்சு இழுக்கறேன். இருடா, அவ சொல்லட்டும்ங்கறான். அப்பத்தான் உங்க லெட்டரு வந்துது. படிச்சான். பைய எறக்கிப்போட்டான். 'அவ இருன்னு சொல்லிப்போட்டாடா. இந்தத் தடவ சொன்ன பேச்சக் கேட்டுப்போட்டேன்னு அவகிட்டச் சொல்லு'ன்னு சிரிச்சுக்கிட்டே கையாட்டுனானுங்க."

இதைச் சொல்லிவிட்டு அண்ணன் என் காலில் விழப் பார்த்தார். இழுத்து ஏற்றாமல் விட்டுவிட்டேனே என்று அழுதார். அவர் அழுவதற்கு என்ன இருக்கிறது?

ஓடுகிற அவசரத்தில், வெடிச்சத்தம் கேட்கிற நேரத்தில், உட்கார்ந்து எனக்காக ஒரு பொய்யை எழுதியிருக்கிறீர்கள். அதையும் உங்களுக்குச் சரியாகச் சொல்லத் தெரியவில்லை. தங்கமுத்து அண்ணன் இருக்கிறார் என்பதை மறந்துவிட்டீர்கள்.

காவிரி அவ்வளவு தூரம் வந்து கூப்பிட்டது. நான்தான் போகாதீர்கள் என்றேன். இன்றைக்கு உங்கள் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். எழுந்து உள்ளே போனவர் இன்னும் வெளியே வரவில்லை.

சென்னார் போய்ச் சேர்ந்தீர்களா? காலையில் டீ போடும்போது எனக்குத் தெரியாமலே இரண்டு கிளாஸில் ஊற்றிவிடுகிறேன். இந்தக் கடிதமும் ஒற்றை டிக்கோடுதான் நிற்கிறது.

கல்யாணமாகி பதினாலு வருஷத்தில் எத்தனையோ தடவை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் கிளம்பிப் போனீர்கள். அத்தனை தடவையும் பத்திரமாக வந்து சேர்ந்தீர்கள். அந்த ஒரு தடவை மட்டும் என்னை ஏங்க கேட்டீங்க?

ரஞ்சனி